ஓடியவனைப் பற்றி எங்கள் வேனில் சொன்ன தீர்ப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்தத் தொடர் பிடிக்காது. 'ஒன்பதாம் வான்' என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு வரும். எங்கோ வெளிநாட்டில் எடுத்ததைத் தமிழில் பேச வைத்திருக்கிறார்கள். கடலில் போகவேண்டிய கப்பல் ஆகாயத்தில் போகிறது. அதில் பன்னிரண்டு பேர். மூன்று வருடமாகப் போய்க்கொண்டே இருக்கிறார்கள், ஓரிடத்திலும் டீசல் போட்டு நான் பார்க்கவில்லை. வேன் ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு இதைப் பார்த்தால் வயிறு எரியுமா எரியாதா?

இருந்தும் ஒவ்வொரு வாரத்துக் கதையும் எனக்கு மனப்பாடம். அதற்குக் காரணம் மாரித்தாய்.

ஆலங்குளம் சிமெண்ட் ஆலைப் பக்கம் ஆள் ஏற்ற ஆரம்பித்தால், நாரணாபுரம் தாண்டி இருக்கிற பட்டாசுக் கம்பெனியில் போய் இறக்கிவிட ஒரு மணி நேரம் ஆகும். மாரித்தாய் முதல் ஸ்டாப்பிலேயே ஏறிவிடுவாள். என் சீட்டுக்கு நேர் பின்னால் அவளுக்கு ஓர் இடம். வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள், உட்கார்ந்தால் நானே எழுப்பிவிடுவேன். திங்கட்கிழமை காலையில் டிபன் வாளியை மடியில் வைத்துக்கொண்டு, முந்தின நாள் கதையைச் சொல்லத் தொடங்குவாள். கரண்ட் போனவர்கள், ரிமோட்டைப் புருஷனிடம் பறிகொடுத்தவர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் நகர்வார்கள்.

அவள் சொல்கிற கதையில் கேப்டன் கிடையாது, போர்மேன்தான் உண்டு. எஞ்சின் அறை என்று ஒன்று இல்லை, வெடிமருந்து கலக்கிற மருந்து ரூம்தான். வெள்ளைக்காரப் பெயர்கள் அவள் வாயில் நுழையாது. அதனால் உயரமானவன் நெட்டையன், முடி சுருண்டவன் சுருட்டை. கேட்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஒரு தடவை கப்பலில் தீப்பொறி பறந்தபோது பொன்மணி கேட்ட கேள்வியை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

"அம்புட்டுப் பெரிய ரூமுக்கு ஒரே ஒரு கதவு. எவன்த்தா லைசென்சு குடுத்தான்? போட்டிருக்கிற சட்டையைப் பாரு, பூராம் நைலானு. பத்தாம என்ன செய்யும்?"

டிவிக்காரனுக்கு இந்த மாதிரி ஒரு ரசிகை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

மாரித்தாய்க்கு நாற்பத்தாறு வயது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். மழை பொய்த்து காடு தரிசானதும் குடும்பமே தீப்பெட்டி ஆபீசுக்குப் போனது. எட்டாவதோடு படிப்பு முடிந்தது. புருஷன் இருளாண்டி சுண்ணாம்புக்கல் லாரியில் லோடு ஏற்றுகிறவர், வாரத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். வீட்டில் பேச முடியாததை எல்லாம் வேனில் பேசித் தீர்க்கிறாள் என்று நாங்கள் கேலி செய்வோம். அவளும் ஆமாம் என்று சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு ஒரு காலத்தில் நின்று போயிருந்தது. எல்லாக் கதையும் சொல்கிறவள் அந்த ஒரு கதையை மட்டும் சொன்னதே இல்லை. போன வருடம் ஒருநாள் டயர் பஞ்சராகி, மற்றவர்கள் எல்லாம் புளியமரத்தடிக்குப் போனபோது, என்னிடம் மட்டும் சொன்னாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் வேறொரு கம்பெனியில் அவள் வேலை பார்த்தாள். புஸ்வாணத்துக்குத் திரி வைக்கிற ரூம். பக்கத்தில் அருணாதேவி. இருவரும் ஒரே தெருவில் வாழ்க்கைப்பட்டவர்கள். மதினி, கொழுந்தியா என்று முறை வைத்துப் பேசி, ஒரே வாளியில் சாப்பிட்டவர்கள். ஒரு மத்தியானம் அடுத்த ரூமில் மருந்து உரசிப் பற்றியது. எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும், சத்தம் கேட்டால் ஓடு, கிடைத்த கதவு வழியாக ஓடு, எதையும் எடுக்காதே, யாரையும் திரும்பிப் பார்க்காதே. அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். மாரித்தாய் ஓடினாள். வேப்பமரத்தடிக்கு வந்துதான் நின்றாள். அருணாதேவி பின்னால் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தாள். முதுகும் இரண்டு கைகளும் வெந்து வந்தாள்.

"எனக்கு ஒரு கொப்புளம்கூட இல்லண்ணே" என்றாள் மாரித்தாய். "ஒண்ணாவது பொத்திருக்கலாம்."

அதன் பிறகு அருணாதேவி இருந்த பக்கமே அவள் போகவில்லை. வீட்டையும் வேறு தெருவுக்கு மாற்றிவிட்டாள். விசேஷ வீடு என்றால் இருளாண்டியை அனுப்பினாள். 'ஒன்பதாம் வான்' அவளுக்கு ஏன் அவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. "பூமியில நடக்கிற கதை வேணாம்ண்ணே. எல்லாத்துலயும் நம்ம சாயல் எங்கனயாச்சும் வந்துருது" என்றாள். நான் டயரைக் கழற்றினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை, இரண்டாவது ஸ்டாப்பில் புது ஆள் ஏறும் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். ஏறியது அருணாதேவி. கம்பெனி கேட்டில் பெண்களைச் சோதித்து அனுப்பி, செல்போன்களை வாங்கி வைக்கிற வேலை கிடைத்திருந்தது. விரல்கள் சரியாக மடங்காது. கம்பியை முழங்கையால் அணைத்துப் பிடித்துத்தான் ஏறினாள். கண்ணாடியில் பார்த்தேன், மாரித்தாய் எழுந்து கடைசி சீட்டுக்குப் போய்விட்டாள். எனக்குப் பின்னால் இருந்த இடம் மூன்று நாளாகக் காலியாகவே வந்தது. வேனில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் ஊர்ப்பேச்சில் சங்கதி தெரியும். அருணாதேவி தன்னை இறங்கச் சொன்னால் வேறு வேனுக்குப் போய்விடுவதாக மாரித்தாய் பொன்மணியிடம் சொன்னாளாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் டிவி முன்னால் உட்கார்ந்தேன். அன்றைக்குப் பார்த்து தொடரில் என்ன காட்ட வேண்டும்? மருந்து ரூம் பற்றுகிறது. உள்ளே நெட்டையனும் சுருட்டையும். நெட்டையன் ஓடி வந்துவிடுகிறான். சுருட்டை மாட்டிக்கொள்கிறான். மற்றவர்கள் கதவை உடைத்து அவனைக் குற்றுயிராக வெளியே எடுக்கிறார்கள். போர்மேன் எல்லோரையும் கூட்டி வைத்து, இவன் குற்றவாளியா இல்லையா என்று கேட்கிறார். அதோடு நிறுத்திவிட்டு, 'உங்கள் தீர்ப்பு என்ன? குரலில் பதிவு செய்து அனுப்புங்கள், நல்ல கருத்துகளை அடுத்த வாரம் ஒலிபரப்புவோம்' என்று ஒரு வாட்ஸ்அப் எண்ணைப் போட்டார்கள். நான் டிவியை அணைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். ஆகாயத்தில் போனாலும் அந்தப் பழைய தீ விடமாட்டேன் என்கிறதே என்று இருந்தது.

மறுநாள் காலை யாரும் கதை கேட்டு முன்னால் நகரவில்லை. இரண்டாவது ஸ்டாப்பில் அருணாதேவி ஏறி, காலியாக இருந்த அந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். எழுப்ப எனக்கு வாய் வரவில்லை. பேக்கிங் செக்ஷனுக்கு வந்து இரண்டு மாதமே ஆன ஸ்ரீமதிக்கு இந்தப் பழங்கதை தெரியாது. அவள்தான் போனை எடுத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"யக்கா, கதையைச் சொல்லுங்க. கேக்காதவுகளும் கேட்டுக்கிடட்டும். அப்புறம் நம்ம வேன் சார்பா ஒரு தீர்ப்பு அனுப்புவோம். கேட்டுல போனைப் பிடுங்கிருவாக, அதுக்குள்ள அனுப்பணும்."

பொன்மணி அவள் தொடையில் கிள்ளினாள். ஸ்ரீமதி புரிந்துகொள்ளாமல், "எதுக்குக் கிள்ளுறீக?" என்று சத்தமாகக் கேட்டாள். இப்படி ஒன்று இருந்தால் போதும், ஊர் உருப்படும்.

மாரித்தாய் கடைசி சீட்டிலிருந்தே சொன்னாள். மருந்து ரூம் பற்றியது, நெட்டையன் ஓடினான் என்று வரிசையாகச் சொன்னாள்.

"பாதி தூரம் போனவன் திரும்பிப் பாத்தான். சுருட்டை வரலன்னதும் திரும்ப உள்ள ஓடிட்டான். அவனைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்துட்டான்."

"அய்யய்யோ, அப்படி இல்லக்கா!" என்றாள் ஸ்ரீமதி. "அவன் எங்க திரும்புனான்? நேரா ஓடிப் போயி நின்னான். நீங்க சரியாப் பாக்கலயா?"

மூன்று வருடத்தில் மாரித்தாய் ஒரு கதையையும் மாற்றிச் சொன்னதில்லை. நான் கியரை மாற்ற மறந்து மேட்டில் வண்டியைத் திணறவிட்டேன்.

அருணாதேவிதான் பேசினாள். திரும்பிப் பார்க்காமல், எனக்கு முன்னால் இருந்த கண்ணாடியைப் பார்த்துப் பேசினாள்.

"நானும் பாத்தேன். அவன் திரும்பல. ஓடத்தான் செஞ்சான். ஓடத்தானே சொல்லிக் குடுத்திருக்காக? திரும்பியிருந்தா ரெண்டு பேரும் போயிருப்பாக."

"அப்ப குத்தவாளி இல்லங்கிறீகளா?" என்று ஸ்ரீமதி போனை நீட்டினாள்.

"குத்தவாளிதான்."

மாரித்தாய் தலையைக் குனிந்துகொண்டது கண்ணாடியில் தெரிந்தது.

"ஓடுனதுக்கு இல்ல" என்றாள் அருணாதேவி. "அதுக்கப்புறம் அம்புட்டு நேரம் படம் ஓடுச்சு. சுருட்டை உடம்பெல்லாம் கட்டுப் போட்டுக் கெடக்கான். போர்மேன் வந்து பாக்குறாரு, டாக்டரம்மா வந்து பாக்குறா, எந்திர மனுசன்கூட வந்து எட்டிப் பாக்குது. இந்த நெட்டையன் ஒரு எட்டு போயிப் பாத்தானா? சுருட்டை கெடந்த கெடப்புல வாசலையே பாத்துக்கிட்டு இருக்கான். இதை ஒருத்தரும் கேக்க மாட்டேங்கீகளே."

உண்மைதான். நானும் பார்த்தேன், எனக்கும் தோன்றவில்லை. ஓடியது சரியா தப்பா என்று ராத்திரி முழுக்க எனக்குள் வழக்காடினேனே ஒழிய, கட்டிலில் கிடந்தவனை நான் கவனிக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

"மூணு மாசம்" என்றாள் அருணாதேவி. "மதுரை ஆஸ்பத்திரில மூணு மாசம் கெடந்தேன் மதினி. தெருவே வந்துச்சு. எனக்கு ஆகாதவுககூட ஹார்லிக்ஸ் பாட்டிலோட வந்தாக. நீ மட்டும் வரல. எம் மேல என்ன கோவமோன்னு இருந்தேன்."

மாரித்தாய் எழுந்து, ஆடுகிற வேனில் சீட்டு சீட்டாகப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். அருணாதேவியின் சீட்டுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வந்தேன்டி. மூணு தடவை பஸ் ஏறி வந்தேன். ஆஸ்பத்திரி வாசல் டீக்கடை வரைக்கும் வந்தேன். உள்ள வரக் கால் வரல. அங்கனருந்தும் ஓடித்தான் வந்தேன்."

"கையில என்ன வாங்கிட்டு வந்த?"

"ஹார்லிக்சும் ஆரஞ்சும்."

"அதை என்ன செஞ்ச?"

"பஸ்ல பக்கத்துல இருந்த பிள்ளைகளுக்குக் குடுத்துட்டேன்."

"மூணு தடவையும் எவம் பிள்ளையோ குடிச்சுக் கொழுத்திருக்கு" என்றாள் அருணாதேவி. அழுதுகொண்டேதான் சொன்னாள். பொன்மணி முதலில் சிரித்தாள். பிறகு வேன் முழுக்கச் சிரித்தது, பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் ரோடு சரியாகத் தெரியவில்லை, ஓரம் கட்டி நிறுத்தினேன். அன்றைக்கு ஐந்து நிமிடம் லேட். கேட்டில் ஏன் என்று கேட்டார்கள், டயரைச் சாக்குச் சொன்னேன்.

இறங்கும்போது ஸ்ரீமதியிடம், அருணாதேவி சொன்னதை டிவிக்கு அனுப்பிவிட்டாயா என்று கேட்டேன். பதிவு செய்ததை அழித்துவிட்டதாகச் சொன்னாள்.

"அது டிவிக்குச் சொன்னது இல்லண்ணே."

அவளை உருப்படாதவள் என்று நினைத்ததை அப்போதே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேயர்களின் கருத்துகளை ஒலிபரப்பினார்கள். கோழை என்றார் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர். உயிர் எல்லோருக்கும் ஒன்றுதான், ஓடியதில் தப்பில்லை என்றது ஒரு கல்லூரிப் பெண். தூக்கில் போட வேண்டும் என்று ஒரு பெரியவர். மொத்தம் பதினொரு பேர் பேசினார்கள், பதினொரு பேரும் ஓடியதைப் பற்றித்தான் பேசினார்கள். கடைசியில் போர்மேன் நெட்டையனை மன்னித்து விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை மாரித்தாய் தன் பழைய இடத்தில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் ஒரு மஞ்சள் பையைப் போட்டுப் பிடித்து வைத்திருந்தாள். இரண்டாவது ஸ்டாப்பில் அருணாதேவி ஏறினாள். பையை அவள் மடியில் வைத்தாள் மாரித்தாய். உள்ளே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஆறு ஆரஞ்சு.

"ஆறு வருசம் கழிச்சா ஆஸ்பத்திரிக்கு வாரது?" என்றாள் அருணாதேவி. ஒரு ஆரஞ்சை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து எடுத்தாள். அவளால் உரிக்க முடியவில்லை. மாரித்தாய் வாங்கி உரித்து, சுளை சுளையாகக் கொடுத்தாள்.

"யக்கா, கதை" என்றாள் ஸ்ரீமதி பின்னாலிருந்து.

"இந்தத் தடவை இருந்தது இருந்தபடி சொல்லு மதினி."

மாரித்தாய் இருந்தது இருந்தபடியே சொன்னாள். பதினொரு பேர் சொன்னதையும், போர்மேன் மன்னித்ததையும், நெட்டையன் பழையபடி வேலைக்குப் போனதையும் சொன்னாள்.

"சுருட்டையைப் போயிப் பாத்தானா?" என்று கேட்டாள் பொன்மணி.

"இல்ல. இன்னும் போகல."

"அவன் போகாட்டி போறான்" என்றாள் அருணாதேவி, வாயில் சுளையோடு. "நீ வந்துட்டேல்ல."