பிலோமினா போகாத பூசை

நவம்பர் பாதியிலேயே மலேசியாவில், எங்கள் ஈப்போவின் பேரங்காடிகளில் பிளாஸ்டிக் மரங்களை நட்டுவிடுகிறார்கள். போன வாரம் அரிசி வாங்கப் போன இடத்தில், பெட்டியிலிருந்து அப்போதுதான் பிரித்த ஒரு மரத்தின் வாசனை என்னை நிறுத்திவிட்டது. புது மழைக்கோட்டும் அந்துருண்டையும் கலந்த மாதிரி இருக்கும் அது. உங்களுக்கு அது பண்டிகை வாசனையாக இருக்கலாம். எனக்கு இல்லை.

இருபது வயதில் நானும் அந்த மாதிரி மரங்களுக்குக் கிளை மாட்டியிருக்கிறேன். ஈப்போவில் மூன்று மாடித் துணிக்கடை ஒன்றில் வேலை. என்னோடு சேர்ந்து கிளை மாட்டியவள் பிலோமினா. அவள் ஆயர் தாவார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்தவள், நான் கமுந்திங் ஊர்க்காரி. இருவருக்கும் ஒரே வாடகை அறை, ஒரே சீப்பு. கடையிலிருந்த அத்தனை பேரிலும் அவள் ஒருத்திதான் கிறிஸ்தவள். ஆனால் டிசம்பர் முழுக்கச் சிவப்புத் தொப்பி மாட்டிக்கொண்டு ஆடியதெல்லாம் நாங்கள்தான். அவள் தொப்பியைக் கையிலேயே வைத்திருப்பாள்.

"இது தொப்பிக்காரர் பொறந்த நாள் இல்லலா" என்பாள்.

அந்த வருடம் தீபாவளிக்கு எனக்கு லீவு கிடைத்ததே அவளால்தான். "நீ வீட்டுக்குப் போ. கிறிஸ்மஸுக்கு எனக்குப் பதிலா நில்லு" என்றாள். தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். நான் கமுந்திங்கில் முறுக்கு தின்றுகொண்டிருந்தபோது அவள் என் கவுண்டரையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள்.

அவளுக்கு அது சும்மா ஒரு லீவு இல்லை. தோட்டத்தை விற்றாகிவிட்டது. ரப்பரைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நடப்போகிறார்கள். தொழிலாளர்களின் லயத்து வீடுகளையும் மாதா கோயிலையும் புது வருடத்தில் இடிப்பதாகப் பேச்சு. இருபத்தைந்தாம் தேதி காலைப் பூசைதான் அங்கே கடைசி. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அவள் அப்பா, அந்தக் கோயிலின் கிறிஸ்மஸ் குடிலுக்காக ரப்பர்க் கட்டையில் மூன்று ராஜாக்களைச் செதுக்கிக்கொண்டிருந்தார். கஸ்பார், மெல்கியோர், பல்தசார். படுத்தபடி அவள் சொல்லச் சொல்ல, நானும் திருப்பிச் சொல்லிக் கற்றுக்கொண்டேன்.

அப்புறம்தான் முதலாளி அந்த விருந்தை அறிவித்தார். கிறிஸ்மஸ் மதியம், ஊழியர்களுக்கெல்லாம் ஓட்டலில் சாப்பாடு. அதுவரை ஓட்டலின் உள்பக்கத்தை நான் பார்த்ததேயில்லை. அதற்கென்று சிவப்பு கவுன் ஒன்றும் வாங்கிவிட்டேன். சத்தியம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? சூப்பர்வைசர் அம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டு, உங்கள் பிரிவில் அன்று முழுக்க ஒருத்தி கடையில் நின்றாக வேண்டும், யார் என்று கேட்டபோது, பிலோமினா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"என் பேரு ஏற்கெனவே விருந்து லிஸ்ட்ல இருக்கு மிஸ்" என்றேன். மலாயில்தான் சொன்னேன். தாய்மொழியில் என்றால் நாக்குப் புரண்டிருக்காது என்று நினைக்கிறேன்.

பிலோமினா இது தன் பண்டிகை என்றாள். இந்தியர் பண்டிகை தீபாவளிதான், அது போன மாதமே முடிந்துவிட்டதே என்று அந்த அம்மா நோட்டை மூடிவிட்டார்.

அதோடாவது விட்டேனா? அறைக்கு வந்து, "சாமிய வேற நாள்ல கும்பிட முடியாதாலா?" என்று வேறு கேட்டேன்.

"சாமி இருப்பாரு. கோயில் இருக்காது" என்றாள்.

விருந்தில் வான்கோழி என்று எதையோ வைத்தார்கள். ஸ்டோர்க்காரர் தாடி ஒட்டிக்கொண்டு வந்தார். மைக்கில் ஒரு போட்டி. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் பெயர் என்ன? ஒரு கிறிஸ்தவர்கூட இல்லாத அந்தக் கூடத்தில் நான்தான் கை தூக்கினேன். மூன்று பெயரையும் தப்பில்லாமல் சொன்னேன். கைதட்டி, ஒரு ஃபிளாஸ்க் கொடுத்தார்கள்.

வேலை முடிந்து வந்த பிலோமினா அதை எடுத்துப் பார்த்தாள். எதற்குக் கிடைத்தது என்று சொன்னேன்.

"யாரு சொல்லிக் குடுத்தான்னு அங்க சொன்னியா?"

நான் ஃபிளாஸ்க்கை வாங்கி அலமாரிக்குள் வைத்தேன். ஜனவரியில் அவள் அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு லூமுட் படகுத்துறையில் அவளைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது, நடை மாறவில்லை. கையைப் பிடித்து, இத்தனை வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த மன்னிப்பைக் கேட்டுவிட்டேன். சிரித்தாள்.

"அதையா இன்னும் வச்சிருக்க? நாங்க இப்ப கிறிஸ்மஸே கொண்டாடறதில்லலா. பைபிள்ல தேதியே கிடையாதுன்னு நாங்க இப்ப போற புது சபையில சொல்லிட்டாங்க. எல்லாம் உலகத்தான் பண்ற கூத்து."

"அப்பா?"

சிரிப்பு நின்றது. "அவரு விடல. டவுன்ல இருக்கிற மாதா கோயிலுக்குத்தான் போனாரு. அவரு இருந்த கடைசி வருஷம்கூட வீட்ல தனியா குடில் வச்சிட்டு, வாங்கன்னு ஆள் அனுப்பினாரு." பங்கோர் தீவுக்குப் போகும் படகைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நாங்க போகல."

நான் அவளிடமிருந்து பறித்த ஒரு பூசையை நினைத்து இத்தனை வருடம் வெந்திருக்கிறேன். மிச்சத்தை அவளே தூக்கிப் போட்டுவிட்டாள். எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

திரும்பும் வழியில் அந்தத் தோட்டத்துக்குள் காரைத் திருப்பினேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் செம்பனை. குலை வெட்டிக்கொண்டிருந்த வங்காளதேசத் தொழிலாளி ஒருவரிடம், இங்கே மாதா கோயில் ஒன்று எங்கே இருந்தது என்று கேட்டேன். கோயிலா என்று சுற்றிலும் பார்த்தார். அவர் வந்து ஆறு வருடமாம். இங்கே எப்போதும் செம்பனைதான் என்றார்.