நாற்பத்தொன்பதா, ஐம்பதா?

சைக்கிள் பந்தயத்தில் ஓட்டுகிறவருக்கு வேர்ப்பது பன்னிரண்டு, பதிமூன்று வினாடிதான். அவருக்காகச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு வருஷம் பூராவும் வேர்க்கும்.

நான் அந்த இரண்டாவது ரகம். பெயர் அந்தோணி, திண்டிவனத்தில் சைக்கிள் கடை. என் மனைவி ஸ்டெல்லா டிராக் ஸ்பிரிண்ட் ஓட்டுகிறவள். வட்டமான சிமெண்ட் டிராக்கில் சுற்றி வேகம் பிடித்து, கடைசி இருநூறு மீட்டரை எத்தனை வினாடியில் கடக்கிறோம் என்பதுதான் அதில் கணக்கு. பதிமூன்று வினாடிக்குள் கடந்தால் மாநில அணியில் இடம். மகள் பிறந்து இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் சைக்கிளில் ஏறியவளிடம், விழுப்புரத்துக் கோச் பாலு சார் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: இந்த வருஷத் தேர்வில் பதிமூன்றுக்குள் வராவிட்டால் அடுத்த வருஷம் தேர்வுக்கு அவள் பெயரை எழுத மாட்டாராம். அவளுக்கு வயது இருபத்தேழு. அவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக்குள் உட்கார்ந்து நன்றாகவே குறை சொன்னோம்.

உங்கள் வீட்டிலும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையோ, வார்டு தேர்தலில் நிற்கிற மச்சானோ இருந்தால் மேற்கொண்டு படியுங்கள். நீங்களும் நம்ம கட்சிதான்.

நிற்காத வண்டி

டிராக் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. பின் சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உருண்டு போக முடியாது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஆனால் உள்சுவரில் மாட்டியிருக்கும் அந்தச் சிவப்பு வண்டியைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு ரவுண்டு போகலாமே என்று ஆசை வரத்தான் செய்கிறது.

ஒரு நாள் காலை, பங்க்சர் ஒட்டக் கொடுத்த பால்காரர் ஒருவர், நான் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடிய நேரம் பார்த்து வண்டியை இறக்கி ஏறிவிட்டார். நாற்பது அடி நன்றாகத்தான் போனார். அப்புறம் பழக்கதோஷத்தில் மிதிப்பதை நிறுத்தினார். பெடல் காலைத் தூக்க, ஆள் சீட்டைவிட்டு எழும்ப, லுங்கி ஒரு பக்கம் போக, எதிர்வரிசை டீக்கடைத் தூணைக் கட்டிப்பிடித்துத்தான் நின்றார். நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோதும் தூணை விடவில்லை. அப்படியே என்னைப் பார்த்துக் கேட்டார்: "இதுல ஏறினா, எறங்கறதுக்கு யாரப்பா கேக்கணும்?"

பிடித்தவன் விட வேண்டும்

நின்ற இடத்திலிருந்து கிளம்புகிற பந்தயமும் உண்டு. பாதத்தைப் பெடலோடு வாரால் இறுக்கியிருப்பதால் ஓட்டுகிறவர் தரையில் கால் ஊன்ற முடியாது. பின்னால் ஒரு ஆள் சீட்டைப் பிடித்து வண்டியை நேராக நிறுத்தி வைத்திருந்து, விசில் கேட்டதும் விட வேண்டும். தள்ளவே கூடாது. தள்ளினால் தப்பு.

நான் முதன்முதலாகப் பிடித்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். விசில் ஊதியதும் என் கை என்னைக் கேட்காமலே ஒரு தள்ளு தள்ளிவிட்டது. ஆசையாகக் கட்டிக்கொண்ட பெண்டாட்டி, ஜெயிக்கட்டுமே என்று கைக்கும் இருக்காதா? நடுவர் கூப்பிட்டு எச்சரித்து மறுபடி கிளம்பச் சொன்னார். இந்த முறை தள்ளிவிடக் கூடாதே என்ற பயத்தில் நான் சீட்டை விடவே இல்லை. ஸ்டெல்லா முழு பலத்தோடு மிதிக்கிறாள், நான் சீட்டைப் பிடித்தபடி பின்னால் ஓடுகிறேன், பார்த்த ஜனமெல்லாம் சிரிக்கிறது. நடுவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, பிடிச்சா போதும். ஊர் வரைக்கும் கூடப் போயி விட வேணாம்."

முப்பத்தெட்டாம் நம்பர் மனை

எங்கள் பக்கம் டிராக் கிடையாது. சென்னைக்குப் போனால்தான் உண்டு; மாதம் ஒரு தடவை போய் வருவதே பெரும்பாடு. மற்ற நாளெல்லாம் எங்களுக்கு டிராக், கூட்டேரிப்பட்டு தாண்டி இருக்கிற ஒரு மனைப்பிரிவுதான். தார் ரோடு, தெருப் பெயர்ப் பலகை, பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் எல்லாம் இருக்கிறது. வீடு மட்டும் ஒன்றுகூட இல்லை. அறுப்புக் காலத்தில் பக்கத்து ஊர்ப் பெண்கள் ரோட்டில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காயப்போடுவார்கள். அவர்களே எங்களுக்காக நடுவில் ஒரு பாதை ஒதுக்கி வைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புரோக்கர் வேனில் ஆட்களைக் கூட்டிவந்து மனை காட்டுவார். ஸ்டெல்லாவைப் பார்த்ததும் அவருக்கு யோசனை ஓடிவிட்டது. முப்பத்தெட்டாம் நம்பர் மனைக்காரம்மா காற்றோட்டமாகச் சைக்கிள் ஓட்டுகிறார் என்று எங்கள் காதில் விழும்படியே சொல்ல ஆரம்பித்தார். ஸ்டெல்லா ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போவது அவருக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. ஒரு ஞாயிறு பயிற்சி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவளிடம் வந்து, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "மேடம், உங்க புண்ணியத்துல ஒரு மனை போச்சிங்க. அடுத்த வாரம் கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க, வர்றவங்களுக்கு உங்க மூஞ்சி தெரிய மாட்டேங்குதாம்."

தெருவை மறந்தவன்

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த ரோட்டில் இருநூறு மீட்டரை அளந்து கோடு போட்டவன் நான். அவ்வளவு நீள டேப் கைவசம் இல்லை. மனைக்கல் இருக்க டேப் எதற்கு என்று நினைத்தேன். மனை ஒவ்வொன்றும் முப்பது அடி அகலம். இருபத்திரண்டு மனை என்றால் அறுநூற்று அறுபது அடி, இருநூறு மீட்டருக்கு ஒரு மீட்டர்தான் கூட. கல்லை எண்ணினேன், பெயிண்ட் அடித்தேன், பெருமையாக விசிலும் அடித்தேன்.

மூன்று மாதம் அந்தக் கோட்டுக்குள்தான் ஓட்டினாள். பதிமூன்று புள்ளி ஆறுக்குக் கீழே இறங்கவே இல்லை. சாப்பாட்டை மாற்றினோம், காலையில் கேப்பைக் கூழ், சாயங்காலம் முட்டை. சீட்டை ஏற்றினேன், இறக்கினேன். ஒரு நாள் ஓட்டி முடித்ததும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து அழுதாள். பிள்ளை பெற்ற உடம்பு, இனிமேல் அவ்வளவுதான் என்றாள்.

மறுவாரம் பாலு சார் விழுப்புரத்திலிருந்து வந்தார். கோட்டைப் பார்த்தார், எப்படி அளந்தாய் என்றார், சொன்னேன். நடுவில் பதினோராவது மனைக்கும் பன்னிரண்டாவது மனைக்கும் இடையே குறுக்காக ஒரு தெரு போகிறது. இருபத்து நாலு அடி. அதை நான் எண்ணவே இல்லை. அவள் ஒவ்வொரு நாளும் எட்டு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட்டியிருக்கிறாள். சரியான இடத்தில் கோடு போட்டு ஓட்டச் சொன்னார். பதிமூன்று புள்ளி பூஜ்யம் ஆறு. ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. பாலு சார்தான் என் தோளைத் தட்டினார்: "ஏம்பா, மனை விக்கிறவனே தெருவ மறைக்க மாட்டான். நீ இன்னாத்துக்கு மறைச்சே?"

மாமியார் பார்த்த பந்தயம்

என் மாமியாருக்குத் திருவக்கரைப் பக்கம் ஒரு கிராமம். மல்லாட்டை பறிக்க, களை எடுக்க என்று தினமும் கூலி வேலை. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மகள் ஓட்டுவதைப் பார்க்க எங்களோடு சென்னைக்கு வந்தார். அன்றைக்கு இரண்டு பேர் மோதுகிற பந்தயம். இதில் முன்னால் போகிறவர்தான் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். பின்னால் வருகிறவர் அந்த மறைவிலேயே வந்து கடைசியில் தாண்டிவிடலாம். அதனால் ஆரம்பத்தில் யாருக்கும் முன்னால் போகப் பிடிக்காது. ஊர்ந்து போவார்கள், திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள், சில சமயம் கீழே கால் ஊன்றாமல் அப்படியே நின்றுவிடுவார்கள்.

ஸ்டெல்லா நின்றுவிட்டாள். மற்றப் பெண்ணும் நின்றுவிட்டாள். மாமியார் என் கையைப் பிடித்து, "மாப்ள, வண்டி ரிப்பேரா? போயி பாரேன்" என்றார். நான் விளக்கினேன். ஒன்றும் ஏறவில்லை. திடீரென்று ஸ்டெல்லா டிராக்கின் மேடான வெளி ஓரத்திலிருந்து சரிவில் பாய்ந்து இறங்கினாள், கண் மூடித் திறப்பதற்குள் ஜெயித்துவிட்டாள். மாமியார் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தார்: "இவ்ளோ ஜல்தியா போறவ மொதல்லயே போயிருந்தா, நாம மூணு மணி பஸ்ஸ பிடிச்சிருக்கலாம்."

ஒரு பல் சண்டை

தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது வீட்டில் போர் மூண்டது. முன்னால் இருக்கிற செயின் வீலில் பல் கூடினால் ஒரு மிதிக்கு வண்டி அதிக தூரம் போகும், ஆனால் கால் கனக்கும். பல் குறைந்தால் கால் வேகமாகச் சுற்றும், ஆனால் ஒரு மிதிக்குக் கொஞ்சம் தூரம் குறையும். பின்னால் பதினாலு பல் என்பதில் இருவருக்கும் ஒற்றுமை. முன்னால் ஐம்பது என்றாள் அவள். நாற்பத்தொன்பது என்றேன் நான். சென்னையில் வெயில் ஏறியதும் கடல் காற்று எதிரே அடிக்கும், கடைசி ஐம்பது மீட்டரில் கால் திணறிவிடும் என்பது என் கட்சி. காற்றைப் பார்த்துப் பயப்படுகிறவள் நான் இல்லை என்பது அவள் கட்சி.

ஒரு பல்தானே என்று நீங்கள் நினைக்கலாம். அவள் பின்தங்கியிருந்ததும் வினாடியில் நூற்றில் ஆறு பங்குதானே. நாலு நாள் நாங்கள் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. "அம்மாவ சாப்பிட வரச் சொல்லு" என்று மகளை அனுப்புவேன். அவள் போய், யார் சொல்லிக் கொடுத்தார்களோ, "அம்பது" என்று சொல்லிவிட்டு வருவாள். கடைசியில் பாலு சாருக்குப் போன் போட்டேன். இரண்டு பக்கத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பந்தயத்துக்குத்தான்பா நான் கோச்சு. குடும்பத்துக்கு வேற ஆளப் பாரு."

கிரீஸ்

தேர்வு நாளன்று அவள் சொன்னபடி ஐம்பதை மாட்டிக்கொண்டுதான் போனேன். ஆளுக்கு ஒரே ஒரு வாய்ப்பு. பத்து மணிக்கே கொடிக்கம்பத்துத் துணி விறைத்துக்கொண்டு நின்றது. காற்று நான் பயந்ததைவிட அதிகம். முதுகில் நம்பர் குத்திக்கொள்ள ஸ்டெல்லா எழுந்து போனாள். அவள் மூன்று மாதம் திணறியதெல்லாம் என் கணக்கால், இதையும் நானே கெடுத்துவிட்டால் என்ன செய்வேன்? ஆனாலும் அஞ்சு போல்ட்டையும் கழற்றி, ஐம்பதை எடுத்துவிட்டு, பையில் ஒளித்துக் கொண்டுவந்திருந்த நாற்பத்தொன்பதை மாட்டினேன். செயின் வீலில் பல் எண்ணிக்கை பொறித்திருக்குமே, அது தெரியாமல் இருக்க அதன்மேல் விரலால் கொஞ்சம் கிரீஸ் தடவினேன். திருடன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவள் வந்தாள், வண்டியை வாங்கினாள், ஏறிப் போனாள்.

பன்னிரண்டு புள்ளி ஒன்பது நாலு. பாலு சார் கடிகாரத்தை என் கண்ணுக்கு நேரே காட்டினார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் நின்ற யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். ஸ்டெல்லாவோ, மாநில அணிக்கு உடுப்பு அளவு கொடுக்கப் போய்விட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். அச்சரப்பாக்கம் தாண்டியதும் மனசு கேட்காமல் உண்மையைச் சொன்னேன். நாலு நாளைக்கு அப்புறம் அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தெரியும் மாமா. செயின் வீலுக்கு வெளிப்பக்கம் எவனாவது கிரீசு தடவுவானா? அந்தக் காத்தப் பாத்ததுமே எனக்கும் நாப்பத்தொம்போதுதான்னு தெரிஞ்சி போச்சி. நாலு நாள் சண்ட போட்டுக்கினு இருந்துட்டு நானே வந்து எப்டி கேக்கறது? நீயா மாத்தட்டும்னுதான் நம்பர் குத்தப் போன எடத்துல கால் மணி நேரம் சும்மா நின்னுக்கினு இருந்தேன்."

இப்போது தேசியப் போட்டிக்கு ஐம்பதா, ஐம்பத்தொன்றா என்று அடுத்த சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் சொன்ன ஐம்பத்தொன்றைத்தான் மாட்டி, துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறேன், ஆனாலும் அவள் தினமும் பல்லை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறாள்.