மெஷின் பறந்த ஏழாம் அத்தியாயம்

மங்கையர்க்கரசி மேடம் காலமாகிவிட்டார் என்று அவர் தம்பி போனில் சொன்னபோது, நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய பாடநூலின் புதிய பதிப்புக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வேலையைக் குறைந்த செலவில் முடிக்கும் வழியைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் உகப்பாக்க அல்காரிதங்களுக்கு அது அறிமுக நூல். செய்தி கேட்டபின் ஒரு வரிகூட ஓடவில்லை.

மன்னார்குடிக் கல்லூரியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் வாய் எப்படி என்று தெரியும். விடை சரி என்று யாராவது சொன்னால், "சரிங்க, யாருக்குச் சரி?" என்பார். அதற்குப் பயந்தே கூட்டங்களில் பாதிப் பேர் வாயைத் திறக்க மாட்டோம்.

சென்ற பதிப்பின் ஏழாம் அத்தியாயத்தில் ஒரு கணக்கு: அறுவடை இயந்திரம் எந்த வரிசையில் வயல்களுக்குப் போனால் டீசல் குறையும்? மிகக் குறுகிய பாதையை விடையாகக் கொடுத்திருந்தோம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் தம்பியின் சம்பா அறுவடைக்குப் போன மேடம், வரப்பில் நின்றபடியே எனக்குப் போன் செய்தார். சிரிப்பில் பேச்சே வரவில்லை.

"சார், நம்ம புத்தகத்துல மெஷின் பறக்குதுங்க!"

தம்பியின் வயல் உள்ளே இருந்தது. ரோட்டோரத்து வயலில் கதிர் இன்னும் பச்சை. அதை அறுக்காமல் மெஷின் உள்ளே போக வழியில்லை. எங்கள் விடையோ வழியில் பயிர் நிற்பதையே பார்க்காமல், மெஷின் அதன் மேலே பறந்துவிடும் என்பதுபோல் நேராகப் போயிருந்தது. நீடாமங்கலத்தில் வயலுக்கு நடுவே வளர்ந்த எனக்கும் அது உறைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

புதிய பதிப்பில் அந்தக் கணக்கையே எடுத்துவிடலாம் என்றார் பதிப்பாளர். எனக்கும் அதுவே கௌரவமாகப் பட்டது. மருத்துவமனைக் கட்டிலில் இருந்த மேடம் ஒத்துக்கொள்ளவில்லை.

"தப்பு விடையும் இருக்கட்டும் சார். பக்கத்துலயே திருத்தத்தைப் போடுங்க. எது விட்டுப்போச்சுன்னு பசங்க தேடட்டும்," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டே அடுத்ததைக் கேட்டார். "முன்வயல் பழுக்கற வரைக்கும் உள்வயல்காரர் காத்திருக்கணும். நடுவுல மழை வந்தா? யாரோட நஷ்டத்தைக் குறைக்கறதுங்க?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"சீக்கிரம் சொல்லுங்க," என்று சிரித்தார்.

அந்தக் கணக்கை எடுத்துவிடலாமா என்று நேற்றும் பதிப்பாளர் கேட்டார். இரண்டு விடையும் அச்சில் வரும் என்று சொல்லிவிட்டேன். மழைக் கேள்வியை விடை எழுதாமல் அத்தியாயத்தின் கடைசியில் சேர்த்திருக்கிறேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியதும் அந்தக் கேள்விதான். பஸ்ஸில் போகும்போதும் சாப்பிடும்போதும் அதுவே ஓடுகிறது. இன்று காலை ஒரு வழி தோன்றியது. எதையோ விட்டிருப்பேன். அதைக் கண்டுபிடித்துச் சிரிக்க அவர் இல்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை.