உளவாளியின் உள்ளங்கை

சுவீடனில் நான் இருக்கும் ஊரில் ஏலக்காய் மணம் ரொட்டிக்கடையிலிருந்து வருகிறது. நாம் பாயசத்தில் போடுவதை இவர்கள் இடித்துப் பன்னில் போடுகிறார்கள். காலங்காலமாகத் தங்களுடையது என்றே நினைத்துக்கொண்டும் இருக்கிறார்கள். அப்படி ஒரு கடையில் உட்கார்ந்துதான் இங்ரிட்டுக்கு என் நாவலைச் சொன்னேன். ஓய்வுபெற்ற நூலகர், எழுதுகிறவர்கள் மேல் இரக்கம் உள்ளவர். வெள்ளைக்காரன் காலத்தில் போடிநாயக்கனூருக்கு ஏலக்காய் வியாபாரி வேடத்தில் ஓர் உளவாளி வருகிறான். ரகசியக் கடிதம், குரங்கணிப் பாதையில் துரத்தல், மலையில் துப்பாக்கிச் சூடு என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

இவன் எதற்குப் பயப்படுகிறான் என்று கேட்டார். போலீசுக்கு என்றேன். தலையசைத்துவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டார். பாராட்டு என்று நினைத்தேன். வீடு திரும்பும்போதுதான் அவர் கேட்டது வேறு என்று உறைத்தது. கதை மலைப்பாதை ஜீப்பு மாதிரி ஓடுகிறது; உள்ளே ஆள் இல்லை. நாலு வருஷ உழைப்பு. எரிச்சலாக இருந்தது. அவர் கேட்டது சரி என்பதால் கூடுதல் எரிச்சல்.

அந்த வருஷ விடுமுறையில் சொந்த ஊரான போடிக்குப் போனேன். எங்கள் அத்தா விட்டுப்போன ஏலக்காய் வியாபாரத்தை அண்ணன்தான் பார்க்கிறார். காய் ஏலம் விடும் இடத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். மாதிரிப் பொட்டலங்கள் கைமாறி வரும். வியாபாரிகள் உள்ளங்கையில் கொட்டி, நிறமும் பருமனும் பார்த்து, அப்படியே தரையில் போட்டுவிடுவார்கள். கால் வைக்கிற இடமெல்லாம் ஏலக்காய்தான். நான் என் கைக்கு வந்ததைப் பார்த்துவிட்டு, ஒன்றுகூடச் சிந்தாமல் பொட்டலத்துக்குள் திருப்பிப் போட்டேன். பக்கத்தில் இருந்த வியாபாரி அண்ணனிடம், கூட வந்திருப்பவர் வெளியூர்ப் பார்ட்டியா என்று விசாரித்தார்.

"என் தம்பிண்ணே" என்றார் அண்ணன். பிறகு என் காதருகே குனிந்து, "கீழ போடுறா. எல்லாரும் பாக்குறாங்க" என்றார்.

அடுத்த பொட்டலத்துக் காயைத் தரையில் போட்டேன். கை அளவுக்கு மீறி வீசிவிட்டது. பிறந்த ஊரில், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பிடிபடாமல் இருக்க நடித்துக்கொண்டிருந்தேன்.

சுவீடன் திரும்பியதும் துரத்தலை வெட்டி எறிந்தேன். இப்போது என் உளவாளி மண்டியில், தன்னைத் தம்பி என்று அழைக்கும் ஒரு வியாபாரியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஏலக்காயைக் கவனமாகப் பொட்டலத்துக்குள் திருப்பிப் போடுகிறான். போலீசு வருவதெல்லாம் அதற்கப்புறம்தான். கதையில் சம்பவம் எவ்வளவு, மனுஷன் எவ்வளவு என்று இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் அந்த ஒரு கையே பார்த்துக்கொண்டது.

அந்த அத்தியாயத்தைப் போனில் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அடுத்த வாட்டி வர்றப்ப வெளிநாட்டுப் பார்ட்டின்னே சொல்லிக் கூட்டிட்டுப் போறேன்டா" என்றார். "நீ பாட்டுக்கு இருக்கலாம். கையப் பாத்துக்கிட்டே உக்கார வேணாம்."

அன்பாகத்தான் சொன்னார். சரிண்ணே என்றேன்.