கற்பூரத் தட்டும் காலை பாசஞ்சரும்

என் மகளுக்குச் செங்கல்பட்டுக் காலேஜில் இடம் கிடைத்தால், அவள் ஏறிப் போகிற பஸ்ஸுக்குத் தினமும் காலையில் கற்பூரம் காட்டுகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். நான் எட்டாவதோடு நின்றவன். கிருத்திகை தவறாமல் வல்லக்கோட்டைக்கு நடந்து போவேனே தவிர, காலேஜுக்கெல்லாம் யாரைப் பார்ப்பது, என்ன பேசுவது என்று தெரியாது. தெரிந்த ஒரே இடத்தில் கேட்டேன். இடம் கிடைத்துவிட்டது.

அது 1991. ஒரகடம் பக்கம் அப்போது கம்பெனி எதுவும் வரவில்லை. எங்கள் ஊர் வழியாகக் காலையில் ஒரு டவுன் பஸ் வாலாஜாபாத்துக்குப் போகும். அங்கே செங்கல்பட்டு போகிற பாசஞ்சர் ரயிலைப் பிடித்தால் முதல் வகுப்புக்குப் போய்விடலாம். தவறவிட்டால் வேறு பஸ்ஸுக்குக் காத்திருந்து, நின்றுகொண்டே போய், பாதி காலை போன பிறகுதான் காலேஜ்.

ஊர் எல்லையில் முருகன் கோயில் வளைவு இருக்கிறது. பஸ் அங்கே நிற்கும். மகள் காலேஜ் போன முதல் நாளே தட்டோடு போய் நின்றேன். டிரைவர் பக்கத்து ஊர் சர்ச்சுக்குப் போகிறவர். இருந்தாலும் ஸ்டியரிங்கை விட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். நாலைந்து நாளில் பஸ்ஸே இறங்கி வந்தது. கண்ணில் ஒற்றிக்கொள்ள ஒருவர், விபூதி கேட்க ஒருவர், குழந்தைக்குப் பூசச் சொல்லி ஒருவர். எனக்கு மனசு நிறைந்துபோனது. மகள் மட்டும் கும்பிட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வாள்.

சில மாதம் கழித்துக் காலேஜில் அப்பாவை அழைத்துவரச் சொன்னார்கள். வருகை குறைவு; யுனிவர்சிட்டி விதிப்படி பரீட்சை எழுத விட மாட்டார்களாம். தினமும் கண்ணெதிரே பஸ் ஏறிப் போகிற பெண் எப்படி வராமல் இருப்பாள்? மறுநாள் கற்பூரம் காட்டிவிட்டு அவளோடு நானும் ஏறினேன்.

வாலாஜாபாத் ஸ்டேஷனுக்கு முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. பையன்கள் சிலர் குதித்து இறங்கி, கேட்டுக்கு அடியில் குனிந்து ஓடினார்கள். என் மகள் அசையவில்லை. எங்களுக்கு முன்னாலேயே பெட்டி பெட்டியாக ஒரு வண்டி போயிற்று.

“அதாம்பா நம்ம ரயிலு” என்றாள்.

கண்டக்டர் என்னிடம் வந்து தயங்கினார். “நீ கற்பூரம் காட்ட ஆரமிச்சதுலருந்து தினோம் இப்படித்தாண்ணே. அஞ்சு நிமிசம் முந்தி வந்தா கேட்டு தொறந்து கீது. உன்னாண்ட எப்படிச் சொல்றது?”

நான் மகளைப் பார்த்தேன். உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். பிறகு ஏன் சொல்லவில்லை?

“எனக்கோசரம் வேண்டிக்கினது இல்லப்பா? எப்படி வேணான்னு சொல்றது?”

காலேஜில் அவள் வகுப்பு வாத்தியாரம்மா என்னை உட்காரச் சொல்லிப் பேசினார்கள். அவர்களும் காஞ்சிபுரத்திலிருந்து அதே ரயிலில்தான் வருகிறவர்கள். இனி ஒரு நாளும் தாமதமில்லாமல் வந்தால் பிரின்சிபாலிடம் சொல்லிப் பார்ப்பதாகவும், தாமதமானால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார்கள்.

வேண்டுதலை எப்படி விடுவது? விடாமல் மகளை எப்படிப் படிக்கவைப்பது? அன்று சாயங்காலம் டிரைவரிடமே போய்க் கேட்டேன்.

“நான் நிறுத்தாத போனா இன்னா சொல்வாங்க? வேற சாமி கும்புடறவன், அதான் பூட்டான்னுவாங்க. நீ சொல்லுண்ணே. நீ இன்னா சொன்னாலும் நான் கேக்கறேன்” என்றார்.

அவர் பக்கம் இருந்த சங்கடம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பஸ் இரவில் எங்களுக்கு அடுத்த ஊரில் நின்று, காலையில் அங்கிருந்துதான் கிளம்பும். கிளம்புவதற்கு முன்னாலேயே அங்கே போய்க் கற்பூரம் காட்டிவிட்டால்? பஸ்ஸுக்குக் காட்டுகிறேன் என்றுதானே வேண்டினேன், இந்த இடத்தில் என்று சொல்லவில்லையே.

மறுநாள் காலேஜ் லீவு. வளைவில் கற்பூரம் காட்டிவிட்டுப் பஸ்ஸில் விஷயத்தைச் சொன்னேன். சிலர் முகம் மாறியது. செங்கல்பட்டுச் சந்தைக்குப் போகிற கீரைக்காரம்மா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “மவ படிப்புக்கோசரம் முருகனையே எடம் மாத்தறாரு பாரு” என்றது. சிரித்தார்கள்.

“திருவிழாவுக்கு சாமியே நம்ம தெருவுக்கு வருதே, தட்டு வரக்கூடாதாம்மா?” என்றேன். வளைவில் ஏறுகிறவர்களுக்கு விபூதி கிடைக்காதே என்றார்கள். நானே பஸ்ஸில் வந்து, ஓடுகிற வண்டியிலேயே தருகிறேன் என்றேன். சரி என்றார்கள்.

அடுத்த நாள் விடியும்போது தட்டோடு நடந்து போனேன். டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காட்டி முடித்து ஏறினேன். வளைவில் பஸ் நின்றதும் தெரியவில்லை, கிளம்பியதும் தெரியவில்லை. முதலில் நெற்றியை நீட்டியது கீரைக்காரம்மாதான். கேட் திறந்திருந்தது. நாங்கள் தாண்டிய பிறகுதான் அது இறங்கியது. பிள்ளைகள் ஓடாமல், பேசிக்கொண்டே ஸ்டேஷனுக்குள் நடந்துபோனதைப் பார்த்தேன். முருகா என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அதற்குப் பிறகு வெயிலோ மழையோ, எனக்குக் காய்ச்சல் வந்தால் என் வீட்டுக்காரியோ, யாராவது ஒருவர் விடியும்போது அந்த ஊரில் நின்றோம். டிரைவரும் ஒரு நாள்கூடத் தாமதமாக எடுக்கவில்லை. வாத்தியாரம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள்.

ஹால் டிக்கெட் வந்த அன்று அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்கு எடுத்துப் போனேன். டிரைவர் கையைக் காக்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கி, மேலிருந்து கீழ் வரைக்கும் படித்தார்.

“பேரு சரியா கீதான்னு பாத்தியாண்ணே?”

பார்த்தேன் என்றேன். சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கீரைக்காரம்மா தனக்கும் காட்டச் சொன்னது. அதற்கு எழுதப் படிக்கத் தெரியாது. போட்டோவை மட்டும் வெகுநேரம் பார்த்தது.

“இன்னா, சிரிக்கவே இல்ல இந்தப் பொண்ணு” என்று சொல்லிவிட்டு, கூடையிலிருந்து ஒரு கட்டு கீரையை எடுத்து என் கையில் வைத்தது. “சமைச்சுப் போடு. பரிச்சைக்குப் படிக்கணும் இல்ல.”