ஒத்தை உயிர் வீரன்

என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர்ல ஆடுற ஆட்டத்துல வீரனுக்கு ஒரே ஒரு உயிராம். செத்தா செத்ததுதான். அதுவரைக்கும் சேர்த்த வாள், கவசம், குதிரை எல்லாம் அழிஞ்சு போயிடும், மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். இதை ஏதோ பெரிய வீரதீரம் மாதிரி என்கிட்ட சொன்னார். "நமக்கு மட்டும் என்னங்க, டஜன் கணக்குலயா குடுத்து அனுப்பியிருக்கு?"ன்னு கேட்டேன். "உனக்குப் புரியாதுடி"ன்னுட்டார்.

சிங்கப்பூர்லேருந்து அவர் கொண்டு வந்தது ரெண்டே ரெண்டு: முதுகுவலி, இந்தக் கம்ப்யூட்டர். லேசான ஆட்டமெல்லாம் ஐயாவுக்கு ஆகாது. இருக்கறதுலயே கஷ்டமானதைத்தான் ஆடுவார். ஆடியில ஆரம்பிச்ச வீரன் கார்த்திகை வரைக்கும் உயிரோட இருந்தான்னா எவ்வளவு பத்திரமா வளத்திருக்கணும்! ஒரு குகைக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி தீப்பந்தம் இருக்கா, ரொட்டி இருக்கா, பின்னாடி எவனாவது வர்றானான்னு பத்து தடவை பார்ப்பார். அதே மனுஷன்தான், எங்கப்பா எனக்குச் சீரா குடுத்த, மழை பெஞ்சா தண்ணி தேங்கற பள்ளக்கால் வயல்ல, "வடிகாலைத் தூர்வார்ற வரைக்கும் பொறுங்க"ன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டும், "பாத்துக்கலாம் விடு"ன்னு விதையைத் தெளிச்சுட்டு வந்தார்.

கார்த்திகையில மழை பிடிச்சுக்கிச்சு. வயல்ல பயிரோட நுனி மட்டும்தான் தெரிஞ்சுது. ஒரு நாள் காலையில பக்கத்து வயல்காரர் வாசல்ல நின்னு கூப்பிட்டார். "அண்ணே, மதகுல ஆகாயத்தாமரை அடைச்சுக்கிட்டு நிக்குது. எல்லாரும் இறங்கறோம், வாங்க." அடைப்பெடுக்க வீட்டுக்கு ஒரு ஆம்பளை இறங்கணும், அது எங்க ஊர் வழக்கம். வராத வீட்டை வருஷம் பூரா பேசியே கொன்னுடுவாங்க.

இவர் அந்நேரம் ஒரு பூதத்தோட சண்டையில இருந்தார். "நடுவுல நிறுத்த முடியாதுடி. எழுந்தா செத்துருவான்."

"எழுந்திரிக்கலைன்னா பயிர் செத்துரும்"னேன். எங்கப்பா போனப்புறம் அவர் பேரைச் சொல்ல எனக்கு மிச்சம் அந்த வயல் ஒண்ணுதான்.

என் மூஞ்சியைப் பாத்துட்டு எழுந்தார். ஆனா வீரனை அநாதையா விட மனசு வரலை. என்னைப் பிடிச்சு நாற்காலியில உக்கார வெச்சு, ஒரு பட்டனைக் காட்டினார். "இதை விடாம அமுக்கிக்க. கேடயத்தைத் தூக்கிக்கிட்டே நிப்பான். வேற எதையும் தொட்டுடாத!" அரிவாளை எடுத்துக்கிட்டு ஓடினார்.

எல்லாம் என் தலையெழுத்துன்னு உக்காந்தேன். பூதம் அடிக்குது, கேடயம் அதிருது. கொஞ்ச நேரத்துல "சனியனே, தள்ளிப் போ!"ன்னு பூதத்தைத் திட்ட ஆரம்பிச்சுட்டேன். அடுப்புல பால் பொங்கித் தீயற வாசனை வருது, எழுந்திரிக்கணும்னு தோணவே இல்லையே! ஒரே உயிர்தான்னு தெரிஞ்சப்புறம் அந்த முன்னப்பின்னத் தெரியாத பயல் மேல அப்படி ஒரு பாசம் எனக்கு.

பூதம் கொஞ்சம் அசந்த மாதிரி இருந்துது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். ஒரு போடு போட்டுப் பாப்பமேன்னு கேடயத்தை இறக்கினேன். அவ்வளவுதான், ஆடி முதல் சேர்த்தது அத்தனையும் ஒரே அடியில காலி.

இடுப்பு வரைக்கும் சேறோட திரும்பி வந்தார். அடைப்பை எடுத்தாச்சு, தண்ணி இறங்குதுன்னார்.

"உங்க ஆள் செத்துட்டாங்க."

"எப்படி?"

"கேடயத்தை இறக்கிட்டேன்."

வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கப்போறார்னு நினைச்சேன். சிரிச்சார். "அப்ப உன் தப்புதான். இதுக்காகத்தான்டி இதை ஆடறேன். செத்தா யாரால செத்தோம்னு தெரிஞ்சுடும்."

தண்ணி வடிஞ்சப்ப வயல்ல பெரும்பகுதி அழுகியிருந்துது. பொம்பளையாளுங்களை விட்டு, அடர்த்தியா நின்ன இடத்துலேருந்து பயிரைப் பிடுங்கி, வெறிச்சுன்னு கிடந்த இடத்துல நட்டோம். அதுவும் தேறலை. நான் வரப்புல உக்காந்து அழுதேன். சேதத்தைப் பாக்க வந்த அதிகாரி மழையைக் குத்தம் சொன்னார். ஊர்க்காரங்க வடிகால் தூர்வார வேலையை எடுத்துட்டு முடிக்காத காண்ட்ராக்டரைச் சொன்னாங்க. காண்ட்ராக்டர் ஆகாயத்தாமரையைச் சொன்னார். நான் இவரைச் சொன்னேன். இவர் வானத்தைப் பாத்தார்.

இப்ப கம்ப்யூட்டர்ல புதுசா ஒரு வீரன் வளர்றான். பின்னாடி நின்னு "கேடயம், கேடயம்!"னு கத்தறது நான்தான். எங்கப்பா வயல்ல பயிர் செத்ததுக்கு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் "என் தப்பு"ன்னு சொல்லலை. வடிகாலும் அப்படியே கிடக்கு. வர்ற வருஷமும் அங்கதான் விதைக்கப் போறோம்.