ஒருத்திக்கு மட்டும் எழுதிய டயட் சார்ட்

1. மூன்றாவது விசிட்

ஸ்டெல்லா வெயிங் மெஷின் மேல் ஏற மாட்டேன் என்று என் மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். பத்து வயது. வீடு விவேக் நகர். அப்பா அந்தோணி எலெக்ட்ரானிக் சிட்டிக்கு கம்பெனி கேப் ஓட்டினார். நான் அந்த ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாகப் பதினான்கு வருடம் முடித்திருந்தேன். ஓபி-யில் அன்று நல்ல கூட்டம். எனக்குப் பொறுமை இல்லை.

அம்மா ரீட்டா இழுத்து வந்து ஏற்றினாள். இரண்டு மாதத்தில் மூன்று கிலோ கூடியிருந்தது.

"சார்ட்ல இருக்கிறதத்தான் மேடம் குடுக்கிறேன். இவதான் ஸ்கூல்ல மத்த பசங்க டப்பாவைத் திறந்து திங்கிறா. மிஸ் கூப்பிட்டு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. மானமே போச்சு."

ஸ்டெல்லா அழவில்லை. தரையைப் பார்த்தாள். இந்தப் பெண்ணிடம் நான் இதுவரை ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ரீட்டாவை வெளியே உட்காரச் சொன்னேன்.

"நேத்து என்னம்மா சாப்பிட்ட?"

"ரெண்டு சப்பாத்தி. வெள்ளரிக்கா."

"மத்தவங்க?"

"டாடி பரோட்டாவும் கபாபும் வாங்கிட்டு வந்தாரு. அக்காவும் மம்மியும் டிவி பார்த்துட்டே சாப்டாங்க. பார்த்தா நானும் கேப்பேன்னு என்னை கிச்சன்ல உக்கார வச்சுக் கதவைச் சாத்திட்டாங்க. டெய்லி அப்படித்தான்."

அந்த சார்ட்டில் அவள் பெயரை மட்டும் எழுதியது நான்தான்.

2. அந்தோணி

அடுத்த வாரம் நான்கு பேரையும் வரச் சொன்னேன். அந்தோணி டிரைவர் யூனிஃபார்மிலேயே வந்தார்.

"உடம்பு அவளுக்குத்தானே மேடம்? எனக்கு எதுக்குப் பத்தியம்? பன்னெண்டு மணி நேரம் ஸ்டியரிங் புடிக்கிறேன். வாய்க்கு ருசியா இருக்கிறது அது ஒண்ணுதான்."

வாதாட எனக்குத் தெம்பில்லை. ஸ்டெல்லாதான் பேசினாள்.

"நீங்க பரோட்டா சாப்டுங்க டாடி. கதவ மட்டும் சாத்தாதீங்க. நான் கேக்க மாட்டேன்."

அந்தோணி நாற்காலியை என் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு என்னிடம், "என்ன செய்யணும், சொல்லுங்க" என்றார்.

நான்கு பேருக்கும் ஒரே சமையல். சாப்பிடும்போது டிவி இல்லை. பரோட்டா ஞாயிற்றுக்கிழமை மட்டும், எல்லாரும் சேர்ந்து. அவ்வளவுதான் எழுதினேன். முதல் மாதம் அவர் கேப் ஸ்டாண்டில் ஒளிந்து சாப்பிட்டதை அவரே ஒப்புக்கொண்டார். ஒரு வருடத்தில் ஸ்டெல்லாவின் எடை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, உயரம் கூடியது. அந்த வயதில் அதுவே பெரிய விஷயம். பள்ளியிலிருந்து புகாரும் வரவில்லை.

3. அதற்குப் பிறகு

எல்லா வீட்டிலும் இப்படி நடந்ததாக நினைக்க வேண்டாம். நான் கூப்பிட்ட அப்பாக்களில் பாதிப் பேர் வரவே இல்லை. வந்தவர்களிலும் பலர் பாதியில் விட்டார்கள். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: குழந்தையின் எடையைக் குறிப்பதற்கு முன், அது யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று கேளுங்கள்.

முதல் இரண்டு விசிட்டுக்காக ஸ்டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தேன். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். கேட்கவில்லை.